பார்த்தது மட்டும்தான்

கோஸ்லார்
11 மே 2015, திங்கள்

டோர்பெனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் கையில் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை மியூனிக்கிலிருந்து எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8 மணி 51 நிமிடத்துக்கு என் வீட்டு இணைய இணைப்பிலிருந்து ஒரு டேனிஷ் துப்பறியும் படத்தை யாரோ இறக்கியிருக்கிறார்கள். இறக்கியதோடு நிற்காமல், அதே நேரத்தில் ஊரிலுள்ள மற்றவர்களுக்கும் விநியோகித்திருக்கிறார்களாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் செய்தார் என்று எடுத்த எடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். இல்லை என்றால், அந்த நேரம் வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் தொகை ஒரு பக்கம் கிடக்கட்டும். கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வைத்திருக்கிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் உயிரோடு இருக்கும்வரை கட்டுப்படுத்தும். மறுபடி ஒரு முறை நடந்தால் வீட்டை விற்கிற அளவுக்கு அபராதம்.

அன்று உன் அத்தான் முழங்கால் அறுவைக்குப் பிறகு மருத்துவமனையில் நடை பழகிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது நாம் இரண்டு பேர். நான் செய்யவில்லை. மிச்சம் யார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பிப்ரவரி 22ஆம் தேதி நீ வந்த அன்றே விருந்தினர் இணையப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். "சொந்தத் தம்பிகிட்டயே கையெழுத்தா?" என்று குதித்தாய். பதினெட்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது சொல்லாமல் போனாய். இப்போது பார், எதற்கு வாங்கினேன் என்று புரிகிறதா? ஒன்பது வருஷமாக இந்த ஊர் மத்தியஸ்தராக அக்கம்பக்கத்துச் சண்டைகளைத் தீர்த்து வைக்கிறவள் நான். காகிதத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பதில் அனுப்பப் பத்து நாள் கெடு. நான் இன்று காலையே ஃபாக்ஸில் அனுப்பிவிட்டேன். உன் பெயர், முகவரி, நீ கையெழுத்திட்ட படிவத்தின் நகல். உனக்கும் நோட்டீஸ் வரும். ஒப்புக்கொண்டு முடித்துவிடு. நாற்பத்தொரு வயதில் இது என்ன விளையாட்டு?

கெசீனா


எம்டன்
15 மே 2015

வணக்கம் அக்கா,

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தபால்காரர் யென்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரையோ கொன்றுவிட்டேன் என்று நினைத்திருப்பார். "வழக்கா?" என்றார். "இல்ல, எங்க அக்கா" என்றேன். "ஓ, அதைவிட மோசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழே முக்காலிலிருந்து ஏறக்குறைய பத்து மணிவரை உன் விருந்தினர் அறையில் கட்டிலில் உட்கார்ந்து வீப்கேயோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசினேன் என்று சொல்லக் கூடாது, கெஞ்சினேன். பெண்டாட்டி காலில் விழுந்துகொண்டிருக்கும்போது டேனிஷ் படம் இறக்குகிற அளவுக்கு எனக்குத் திறமை இல்லை.

நான் சொல்லாமல் போனதற்குக் காரணம் அந்தப் படிவம்தான், வேறு எதுவும் இல்லை. இரண்டு பெட்டியோடு உன் வாசலில் வந்து நின்றேன். கோட்டைக் கழற்றும் முன்னால் பேனாவை நீட்டினாய். எட்டு அம்சங்கள். ஆறாவது அம்சத்தில் எழுத்துப்பிழை வேறு.

இப்போது நீ செய்து வைத்திருப்பது என்ன என்று உனக்குத் தெரிகிறதா? நோட்டீஸ் எனக்கு நேற்றைக்கு முன்தினம் வந்துவிட்டது. ஜூலை முதல் தேதி எனக்குப் பணி நிரந்தரம். சுங்கத்தில் மூன்று வருஷத் தகுதிகாண் பருவம் அன்றோடு முடிகிறது. அதற்கு முன்னால் ஒரு தாள் தருவார்கள். உங்கள் மேல் ஏதாவது நடவடிக்கை நிலுவையில் இருக்கிறதா, ஆம், இல்லை. நான் தினமும் செய்கிற வேலை என்ன? பார்சலைப் பிரித்து, போலிச் செருப்பையும் போலிக் கடிகாரத்தையும் கள்ளப் படக் குறுந்தகடுகளையும் எடுத்து ஓரமாக வைப்பது. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவனே கள்ளப் படம் விநியோகித்தான் என்று வந்தால் என்னை யார் நிரந்தரமாக்குவார்கள்? ஏற்கெனவே மூன்று வேலை போயிற்று. இதுவும் போனால் ஐந்தாவது தேட எனக்குத் தெம்பில்லை. இந்தச் சமயத்தில் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் யாராவது உன் வைஃபையைத் திருடியிருக்கலாம். கொஞ்சம் யோசி. அவசரப்பட்டு எழுதியதை வாபஸ் வாங்கு.

டோர்பென்


கோஸ்லார்
19 மே 2015

தம்பி,

பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு தாத்தா. அவருக்கு எண்பத்து நாலு வயது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கவே என்னைத்தான் கூப்பிடுகிறார். என் கடவுச்சொல் இருபத்திரண்டு எழுத்து. அதைத் திருட அவர் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

ஆறாவது அம்சத்தில் பிழையே இல்லை. எடுத்துப் பார்த்துவிட்டேன்.

உன் வேலைக்கு ஆபத்து என்று எழுதியதைப் படித்து எனக்கு வருத்தமாக இல்லை என்று நினைக்காதே. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் தப்புச் செய்தவன் ஒப்புக்கொள்ளாமல் பக்கத்து வீட்டைக் கை காட்டினால் நான் என்ன செய்ய முடியும்? என் சபையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். மரத்தை வெட்டியவர் எல்லாருமே முதலில் புயலைத்தான் குற்றம் சொல்வார்கள்.

எனக்கு ஆற்றாமை என்ன என்றால், நீ திருடவே தேவை இல்லை. அதே படத்தை அதே இரவு நான் என் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டியிருந்தால் உனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பேன். காலைச் சிற்றுண்டியின்போது அதைப் பார்க்கப் போவதாகச் சொன்னேனே, அதைக் கேட்டுத்தானே நீயும் ஆசைப்பட்டாய்?

நான் பார்த்தது முறையானது. எங்கள் பாட்டுக் குழுவில் இருக்கும் ரோஸ்விதா ஒரு சின்னக் கணினி நிரலை பென் டிரைவில் கொடுத்தாள். படத்தின் பெயரை அடித்து அழுத்தினால் ஓடும். எதையும் இறக்க வேண்டியதில்லை, எதையும் சேமிப்பதும் இல்லை. இப்படி வெறுமனே பார்ப்பது சட்டவிரோதம் இல்லை என்று செய்தித்தாளிலேயே வந்தது. அந்தச் செய்தியை வெட்டி எடுத்து, கோப்பில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பார்த்தேன். உன்னைப் போல இறக்கி ஊருக்கு விநியோகிக்கவில்லை.

ஒப்புக்கொள். நோட்டீஸ் அனுப்பிய பட நிறுவனத்தோடு பேசித் தொகையைக் குறைக்க நான் உதவுகிறேன். உன் மேலதிகாரிக்கும் நானே எழுதுகிறேன், நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஏதோ ஒரு முறை தவறிவிட்டான் என்று.

கெசீனா


எம்டன்
23 மே 2015

அக்கா,

இந்த உறையில் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று இது. மற்றது 19ஆம் தேதி நீ எழுதியது. அசல். திருப்பி அனுப்புகிறேன்.

நிதானமாகப் படி. ரோஸ்விதா கொடுத்த அந்த நிரல் எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பயிற்சி வகுப்பில் காட்டியது. திரையில் படம் ஓடும். அடியில் வேறு வேலை நடக்கும். படத்தின் துண்டுகளை முன்பின் தெரியாத நூறு பேரிடமிருந்து வாங்கும். வாங்கிய துண்டுகளை நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறு நூறு பேருக்கு அனுப்பும். நீ எதையும் அழுத்த வேண்டாம், அதுவே செய்யும். மூலையில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்திருக்கும். உன் செய்தித்தாள் சொன்னது வேறு மாதிரிப் பார்ப்பதைப் பற்றி. இதைப் பற்றி இல்லை.

8 மணி 51 நிமிடத்துக்கு யார் அந்தப் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நீயே உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

நேற்று அதை எடுத்துக்கொண்டு தபால் கடையில் இருக்கும் ஜெராக்ஸ் எந்திரத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். ஒரு நகல் மியூனிக்குக்கு, ஒரு நகல் என் அதிகாரிக்கு. இரண்டு தபால்தலை, என் கஷ்டம் முடிந்தது. நான் மகான் இல்லை, மூடியைத் திறந்து கண்ணாடியில் வைத்தும் விட்டேன். பின்னால் ஒருவர், "தம்பி, காசு போடணும், அப்பத்தான் ஓடும்" என்றார். என்னிடம் சில்லறை இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னைக் கேட்காமல் என் கையெழுத்தை நீ அனுப்பியது எப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும். அதையே உனக்குச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நகல் எடுக்கவில்லை. நிறுவனத்துக்கு "நான் செய்யவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். யார் என்று எழுதவில்லை.

இனி நீ பார்த்துக்கொள்.

டோர்பென்


கோஸ்லார்
29 மே 2015

டோர்பெனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

சுங்கத்தில் மூன்று வருஷம் பார்சல் பிரித்தவன் எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறாய். சந்தோஷம். ரோஸ்விதாவைக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி, நான் ரெண்டு வருஷமா பாக்கறேன், ஒரு கடுதாசி வந்ததில்ல" என்கிறாள். அவளுக்கு வராதபோது எனக்கு மட்டும் எப்படி வரும்? எனவே வேறு யாரோ வேறு ஏதோ செய்திருக்கிறார்கள் என்பது தெளிவு.

கடிதத்தைத் திருப்பி அனுப்பிப் பெருந்தன்மை காட்டியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இப்படி ஒரு பழியை அக்காவின் தலையில் திருப்புவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில் மத்தியஸ்தர் தேர்தல் வருகிறது. இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கெசீனா


எம்டன்
16 ஜூன் 2015

அக்கா,

நடந்ததைத் தெரிவிக்க மட்டும் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் அதிகாரி ஓக்கன் அம்மா கூப்பிட்டு அந்தத் தாளைத் தந்தார். தேநீர் வைத்தார். மூன்று கோப்பை முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது, அது இங்கே எழுதப்படாத சட்டம். முதல் கோப்பையிலேயே "ஆம்" என்று குறித்துவிட்டேன். நோட்டீஸையும் காட்டினேன்.

"இது நீ செஞ்சதா?"

"இல்லீங்க."

"யாரு செஞ்சான்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "தெரியும். ஆனா அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "டோர்பென், உன்னை எனக்குப் பிடிக்கும்யா. ஆனா பாதி பதிலை வச்சுக்கிட்டு மேல ஃபைல் அனுப்ப முடியாது. அங்க இருக்கறவங்களுக்கு உன்னைத் தெரியாது. அவங்களுக்கு இந்தத் தாள்தான் தெரியும். வாயத் தொறந்து சொன்னா இப்பவே முடிச்சிரலாம்."

நான் கற்கண்டைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். வீட்டுப் பக்கம் ஏதோ என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலைப் பட்டியலில் என் பெயர் இல்லை. பார்சல் மேஜையிலிருந்தும் மாற்றிவிட்டார்கள். விவகாரம் முடியும்வரை கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன். நிறுவனம் வழக்குப் போட்டுத் தீர்ப்பு எனக்கு எதிராக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காரணத்தைக் கேட்டுச் சக ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஹெய்க்கோ தினமும் காலையில், "இன்னிக்கு என்ன படம் போட்ருக்க?" என்கிறான்.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

டோர்பென்


கோஸ்லார்
24 ஜூன் 2015

அன்புள்ள டோர்பென்,

உன் 16ஆம் தேதிக் கடிதத்தை அத்தான்தான் முதலில் பிரித்துப் படித்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "அந்தப் படத்த ஓட்டு. நானும் பாக்கறேன்" என்றார். "இன்னொரு நோட்டீஸ் வாங்கவா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் முன்னமே தெரிந்திருக்கிறது.

மறுநாள் நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நிரலின் பெயரைச் சொன்னதும், "அதுவா? இந்த வாரத்துல நீங்க அஞ்சாவது ஆளும்மா" என்றாள். நான் வெட்டி வைத்திருந்த செய்தியை எடுத்துக் காட்டினேன். முழுவதையும் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதிருக்காங்க. ஆனா நீங்க பார்த்தது இது இல்ல" என்றாள். நீ எழுதியதையேதான் அவளும் சொன்னாள். நீ சொன்னபோது எரிந்து விழுந்தேன். அவளிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நான் செய்தவை இவை. நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன், அன்று இரவு ஓட்டியது நான், என் தம்பி இல்லை, அவன் பெயரைக் கொடுத்தது தவறு என்று. உறுதிமொழிப் பத்திரத்தை அந்தப் பெண் சொன்னபடி சுருக்கித் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒரு படத்துக்கு மட்டும் கட்டுப்படும்படி. கேட்டதில் ஒரு பங்கைக் கட்டிவிட்டேன். உன்மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நேற்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. இதோடு வைத்திருக்கிறேன்.

ஓக்கன் அம்மாவுக்கும் எழுதினேன். நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தின் அசலையும் சேர்த்து அனுப்பினேன். அதில் நான் உன்னைத் திட்டியிருப்பதையெல்லாம் அவர் படிப்பார். படிக்கட்டும். இன்று போன் செய்தார். "உங்க தம்பி வாயே தொறக்கல தெரியுமா? கற்கண்ட மட்டும் கலக்கிக்கிட்டே இருந்தான், கோப்பைல ஓட்டை விழுந்துரும்னு பார்த்தேன்" என்றார். ஜூலைப் பட்டியல் போய்விட்டதாம். அக்டோபர் பட்டியலில் உன் பெயரை அவரே எழுதுவதாகச் சொன்னார். நாளையிலிருந்து பழைய மேஜை. அந்த மூன்று மாதத்தையும் கிடங்கில் நீ வாங்கிய கிண்டலையும் என்னால் திருப்பித் தர முடியாது. என்னை மன்னித்துவிடு.

ரோஸ்விதாவிடம் சொன்னேன். நிரலை அழித்துவிட்டாள். அதிலிருந்து பாட்டுக் குழுவில் என்னோடு பேசுவதில்லை, நான் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டேனாம்.

மத்தியஸ்தர் தேர்தலில் நிற்கவில்லை என்று எங்களை மேற்பார்க்கிற நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டேன். "இந்தச் சின்ன விஷயத்துக்கா?" என்றார் நீதிமன்றத் தலைவர். படம் பார்த்ததற்காக இல்லை என்றேன். ஒன்பது வருஷத்தில் என் மேஜைக்கு எதிரே நானூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். வேலி, மரக்கிளை, குரைக்கிற நாய். எல்லாரும் காகிதக் கட்டோடுதான் வருவார்கள். "அத மூடி வையுங்க. என்ன நடந்துச்சுன்னு மொதல்ல வாயால சொல்லுங்க" என்பேன். அதுதான் வேலையே. முன்பின் தெரியாத நானூறு பேரிடம் கேட்டதை நான் உன்னிடம் கேட்கவில்லை.

நோட்டீஸ் வந்தபோது மட்டும் இல்லை. பிப்ரவரியில் நீ வந்து நின்றபோதும் கேட்கவில்லை. பதினெட்டு நாள் என் வீட்டில் இருந்தாய். சுவருக்கு அந்தப் பக்கம் நீ போனில் பேசுவது எனக்குக் கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது. உன் குரல் உடைந்தது. நான் படத்தின் சத்தத்தைக் கூட்டினேன். கதவைத் தட்டினால் நீ அழுதுவிடுவாய், எனக்கு என்ன சொல்வது என்று தெரியாது. அந்தப் பயம்தான். படிவத்தை நீட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இப்போது கேட்கிறேன். உனக்கும் வீப்கேக்கும் என்ன நடந்தது, டோர்பென்?

உன் அக்கா
கெசீனா